நாலு நிமிசம்

சுவர் கூரை வரைக்கும் போகவில்லை.
லயத்தைக் கட்டியவனுக்குக் கல் முடிந்ததோ
மனசு முடிந்ததோ,
ஆளுயரத்துக்கு மேலே
ஏழு காம்பராவுக்கும் ஒரே காற்று.
புஸ்பராணி அக்கா கடுகு தாளித்தால்
என் மைக்குக்குத் தும்மல் வரும்.

சீட்டு எடுத்த காசில் இன்டர்ஃபேஸ்.
மைக் தவணைக்கு.
கொழும்பில் புடவைக் கடையில் நின்ற இரண்டு வருசத்தில்
மிஞ்சியது ஒரு ஹெட்ஃபோன்,
அதிலும் இடது காது அடிக்கடி கோபித்துக்கொள்ளும்.

மஸ்கெலியா டவுனில் நவ்பர் நானா
முட்டை அட்டை நாற்பது கட்டித் தந்தார்.
"கோழி வளக்கப் போறியா?"
"இல்ல நானா, ஸ்டூடியோ."
"போட்டோ புடிக்க எதுக்கும்மா முட்டை அட்டை?"

ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது,
முட்டை அட்டை சத்தத்தை நிறுத்தாதாம்,
எதிரொலியைக் கொஞ்சம் மழுக்குமாம்.
மேலே கம்பளி மூன்று தொங்கவிட்டேன்,
மூலைக்கு மூலை கொழுந்துச் சாக்கு.
பனி ஏறக் கூடாதென்று
மைக்கை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தால்
தம்பி கிருஷாந்தன் சுண்டு என்று நினைத்து
அதால் அரிசி அள்ளினான்.

ஆடி மாதம் இங்கே மழை விருந்தாளி இல்லை,
வீட்டுக்காரன்.
தகரத்தில் அவன் நடக்கத் தொடங்கினால்
திரையில் அலைக்கோடு தடித்து
வெட்டாத தேயிலை வேலி மாதிரி நிற்கும்.
பாட்டு எது, மழை எது?
மழை விட்டால் எர்த் இல்லாத வயர்
ஊ... என்று இழுக்கும்.
ஏழு ரைஸ் குக்கரும் கொதிக்கிற நேரம்
லேப்டாப் சார்ஜ் ஏறாது.

கோகிலவாணி புள்ளைமடுவத்தில் வேலை.
சம்பளத் துண்டின் முதுகில்
பாட்டு எழுதிக் கொண்டுவந்தாள்.
மடித்து மடித்து அவள் பெயர் அழிந்துபோன துண்டு.

செவ்வாய்க்கிழமை வெட்டாப்பு.
காம்பரா காம்பராவாகப் போய்க் கேட்டேன்:
ராத்திரி எட்டே முக்காலுக்கு
நாலு நிமிசம் சத்தம் போடாம இருங்க.
"நாடகம் ஓடுற நேரமாச்சே" என்றாள் புஸ்பராணி அக்கா.
ஐந்தாம் காம்பராக் கைக்குழந்தையை
பீலிக்கரைப் பக்கம் தூக்கிப் போவதாகப் பேச்சு.
ரெங்கையா மாமா மட்டும்
"இருமல் என் சொல்லு கேக்காதே புள்ள" என்றார்.
பிறகு துவாயைக் காட்டினார்,
வாயில் வைத்துக்கொள்வாராம்.

எட்டே முக்கால்.
ஒவ்வொரு டிவியாக அணைந்தது.
யாரோ நாயின் வாயைப் பிடித்துக்கொண்டார்கள்.
இந்த லயம் சும்மா இருந்து
நான் கேட்டதே இல்லை.
ஹெட்ஃபோனுக்குள்
கீழே ஃபெக்டரி விசிறி சுற்றுவது வந்தது,
கூரையிலிருந்து மிச்சத் துளி வந்தது,
கோகிலவாணி எச்சில் விழுங்கியது வந்தது.

பாட்டு வரவில்லை.

"என்னடி?"
"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

மேலே பார்த்தாள்.
சுவர் முடிந்த இடத்தில் இருட்டு
காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.
காய்ச்சல் பிள்ளைகள் நாற்பதை அடக்குகிறவள்
சம்பளத் துண்டால் முகத்தை மூடினாள்.

"அக்கா, டிவியப் போடுங்க!"
சுவருக்கு மேலே கத்தினேன்.
"போடவா வேணாமா, ஒன்னச் சொல்லு!"
"போடுங்க, மெதுவா!"

அங்கே யாரோ மருமகளைத் திட்டத் தொடங்க,
இங்கே இவள் படித்தாள்.
ஒரே மூச்சு.
இரண்டாவது சரணத்துக்குள்
தூரத்தில் ஒரு நாடகக்காரி அழுவாள்,
கூர்ந்து கேட்டால் கேட்கும்.
கடைசிச் சொல் முடிந்து, ரெக்கார்டிங்கை நிறுத்தும் முன்
ரெங்கையா மாமா
அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம்
ஒன்றாக இருமித் தீர்த்தார்.

விடியப் பெரட்டுக்குப் போகிற வழியில் நிறுத்தினார்.
"என் இருமல் விழுந்திருச்சோ?"
"விழுந்துச்சு மாமா, வெட்டிட்டேன்."
"ஓ" என்றார்.
கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்.
"வெட்டிட்டியா."

அந்தி கறுக்க வந்து
வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.

தவணை இன்னும் ஏழு இருக்கு.